பய்யூமியின் முழு டம்ளர்

தாகமில்லாதவனையும் குடிக்க வைக்கத் தெரிந்தவர் என்று எகிப்தின் தன்தா நகரத்தில் பெயர் வாங்கியிருந்தவர் அதிமதுரச் சாறு விற்கும் பய்யூமி. தாகம் எடுத்தவனுக்கு விற்பதை அவர் வியாபாரமாகவே கருதவில்லை. "அது தண்ணிக் குழாய் செய்யற வேலை" என்பார்.

பெரிய பள்ளிவாசலுக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்தில் காலை ஒன்பது மணிக்கு வந்து நிற்பார். வெள்ளைத் தொளதொளக் கால்சட்டை, இடுப்பில் சிவப்புத் துணி, அதன் மேல் தோல் வார். இடது பக்கம் அவர் வயிற்றைவிடப் பெரியதாக ஒரு கண்ணாடிச் சாடி, உள்ளே கறுத்த சாறும் பனிக்கட்டியும். வலது கை விரல்களுக்கு நடுவே இரண்டு பித்தளைத் தாளங்கள். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்தால் சாடியின் மூக்கிலிருந்து சாறு கயிறு மாதிரி இறங்கி, முழங்கால் உயரத்தில் அவர் பிடித்திருக்கும் டம்ளரில் விழும். ஒரு சொட்டு வெளியே சிந்தாது.

அவருடைய தொழிலுக்கு இரண்டு விதிகள் இருந்தன. முதலாவது, யார் கையிலும் டம்ளரைத் திணிக்கக் கூடாது. திணித்தால் மனிதன் வாயை மூடிக்கொள்வான். அவனைப் பார்க்காமல், வேறு யாருக்கோ ஊற்றுவது போல அவன் காதில் விழும்படி பக்கத்தில் ஊற்ற வேண்டும். டம்ளரை அவன் மூக்குக்கு நேரே கொண்டுபோய், உடனே எடுத்துவிட வேண்டும். நாக்கு தானாகப் பின்னால் வரும்.

இரண்டாவது விதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இடுப்பு வாரில் தொங்கும் ஏழு டம்ளர்களுக்கும் அடிப்பாகம் இரண்டு விரல் கனம். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய மனிதன் குடிக்கும் டம்ளர், உள்ளே பூனை குடிக்கும் அளவு. அதிலும் விளிம்புக்கு ஒரு விரல் கீழேயே அவர் கை நின்றுவிடும். மீதி இடத்தில் நுரை தலைப்பாகை கட்டி உட்காரும். நுரையைக் குடிக்கும்போது மனிதர்கள் கண்ணை மூடிக்கொள்வதால் இதில் யாருக்கும் குறை இருந்ததில்லை. ஆரம்பத்தில் பய்யூமிக்குக் கொஞ்சம் உறுத்தியது. பிறகு அது முழு டம்ளர் என்று ஊர் நம்பியது. இருபது வருடத்தில் அவரும் நம்பிவிட்டார்.

நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு எட்டு மாதக் குழந்தையாக ஒரு மகன். முதல் மகன் இல்லை, இருக்கிற மகன். அவனுக்கு முன்னால் ஒரு பெண்ணும் ஒரு பையனும் பிறந்து, இரண்டு பேரும் பல் முளைக்கும் முன்னால், இரண்டு ஆகஸ்டு மாதங்களில், வயிற்றுப்போக்கில் போய்விட்டார்கள். ஆகவே மூன்றாவது பிறந்ததும் அவர் மனைவி ஸனிய்யா ஏழு வீட்டுப் படியேறித் துணி பிச்சை எடுத்து, அந்த ஏழு துண்டுகளையும் சேர்த்துத் தைத்த சட்டையைத்தான் முதலில் போட்டாள். பெயரும் ஷஹாத்தா என்றே வைத்தார்கள், பிச்சையாக வந்தவன் என்று. பிச்சைக்காரனை எமன்கூட ஏறிட்டுப் பார்க்க மாட்டான் என்பது கணக்கு.

யாராவது சதுக்கத்தில், "என்ன ஷஹாத்தா அப்பா, பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டால், "கறுப்பா, கோணலா, அசிங்கமா இருக்கான், அல்லாவுக்கே புகழ்" என்று பய்யூமி பதில் சொல்வார். கேட்டவர்களும் திருப்தியாகத் தலையாட்டுவார்கள். பையன் உண்மையில் கோதுமை நிறத்தில், கொழுகொழுவென்று, அம்மாவின் கண்ணோடு இருந்தான். அதை வெளியே சொல்லும் அளவுக்கு யாரும் விரோதியில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை ஷஹாத்தாவுக்கு வயிறு போக ஆரம்பித்தது.

ஒரு நாளில் ஒன்பது தரம் துணி மாற்றினாள் ஸனிய்யா. பத்தாவது தரம் மாற்றும்போது எதிர் வீட்டு ஃபத்ஹி அம்மா வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். ஃபத்ஹி அம்மாவுக்கு ஆறு பிள்ளைகள், ஆறும் உயிரோடு. அதனால் அவள் பேச்சுக்கு அந்தத் தெருவில் டாக்டர் பட்டத்துக்குச் சமமான மரியாதை.

"ஓட்டைக் குடத்துல ஊத்தினா ஓடத்தான் செய்யும்டி. ஊத்தறத நிறுத்து, ஓடறது தானா நிக்கும்."

"போன ரெண்டு தடவையும் இதையேதான்க்கா சொன்னீங்க."

"சொன்னேன். நின்னுச்சா இல்லையா?"

நின்றதுதான். எல்லாமே நின்றது. ஸனிய்யா துணியை அலசினாள்.

ஆனாலும் தாய்ப்பாலை அன்றைக்கே நிறுத்திவிட்டாள். ஈராக்குக்கு வேலைக்குப் போன அவள் தம்பியிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. திங்கள்கிழமை அதை நினைத்து அழுதுகொண்டே பால் கொடுத்திருந்தாள். துக்கம் ஏறிய பால் பிள்ளையின் வயிற்றைக் கெடுக்கும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். குற்றம் யாருடையது என்று அவளே தீர்மானித்து, தண்டனையையும் அவளே கொடுத்துக்கொண்டாள். மார்பு கட்டிப்போய் வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பய்யூமி வேறு ஆள். அவர் காப்பிக் கடைத் தொலைக்காட்சியைப் பார்ப்பவர். கால்பந்துக்கு முன்னாலும் பின்னாலும், சில சமயம் நடுவிலும், ஒரு பெண் வந்து, வயிறு போகும் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், மருந்துக் கடையில் பாக்கெட் இருக்கிறது, தண்ணீரில் கலந்து ஸ்பூனால் கொடுங்கள் என்று கெஞ்சுவாள். அந்த விளம்பரப் பாட்டு ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம். ஃபத்ஹி அம்மாகூடத் துணி துவைக்கும்போது அதைத்தான் பாடுவாள், அதில் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்துகொண்டே. பய்யூமி ஒருவர்தான் அதை விஷயமாக எடுத்துக்கொண்டார். ஒருவனைக் குடிக்க வைப்பது எப்படி என்று பேசுகிற எவளும் தன் சாதி என்பது அவர் எண்ணம்.

புதன்கிழமை காலை மருந்துக் கடைக்குப் போனார்.

"ஆறு பாக்கெட் எடுத்துக்கோங்க உஸ்தா" என்றார் கடைக்காரர். தொழில் தெரிந்தவர்களை அங்கே உஸ்தா என்றுதான் கூப்பிடுவார்கள். "இதோட கொடுக்கற பிளாஸ்டிக் கப்பு தீர்ந்துபோச்சு. அதனால என்ன, ஒரு பாக்கெட்டுக்கு ஒரு முழு டம்ளர் தண்ணி. டம்ளரப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டில் பய்யூமி தன் ஏழு டம்ளர்களில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். ஸனிய்யா கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைக் கூஜாவில் எடுத்துக்கொண்டார். பழக்க தோஷத்தில் இடுப்பைச் சாய்த்து, கையை உயர்த்தி, கயிறு மாதிரி ஊற்றினார். நுரை எழும்பவில்லை என்பதில் அவருக்குச் சின்ன ஏமாற்றம். விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்ததும் கை தானாக நின்றது. பாக்கெட்டைக் கொட்டிக் கலக்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். தெளிவாக இருந்தது. மனசாட்சியும் அப்படியே.

முதல் டம்ளரை ஷஹாத்தா ஆவலாகவே குடித்தான். ஸ்பூனை ஈறால் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்றான். "பாத்தியா?" என்றார் பய்யூமி மனைவியிடம். ஸனிய்யா பார்க்கத் துணியவில்லை. அரை மணி நேரத்தில் அவ்வளவும் வாந்தியாக வந்தது.

இரண்டாவது டம்ளருக்குப் பையன் உதட்டை இறுக்கிக்கொண்டான். வியாழக்கிழமை அதைவிட மோசம். தண்ணீர்க் கூஜாவைக் கண்டால் கையை நீட்டி அழுவான். ஸ்பூன் வாயருகே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கேட்பதும் அவன்தான், மறுப்பதும் அவன்தான். இரவெல்லாம் சிணுங்கினான், நாக்கை வெளியே நீட்டி நீட்டி உள்ளே இழுத்தான். பய்யூமி பக்கத்தில் உட்கார்ந்து தாஜா செய்தார், திட்டினார், பாடினார். கடைசியில் தொழிலின் முதல் விதியையே மறந்து, கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தி ஸ்பூனை உள்ளே திணித்தார். பையனுக்கு மூச்சுத் திணறி, இருமி, கண் செருகிவிட்டது.

"ஏங்க, கொன்னுடாதீங்க அவன" என்றாள் ஸனிய்யா. சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். தாகத்தை விற்றுப் பிழைப்பவர் வீட்டுப் பிள்ளை எப்படிப் போகும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒரு டம்ளர் கலந்து வைத்துவிட்டு அவர் சதுக்கத்துக்குப் போனார். வீட்டில் இருந்து செய்வதற்கு ஒன்றுமில்லை, கையைப் பிசைவதைத் தவிர. வெயில் ஒன்பது மணிக்கே கல்லை உரித்தது. அந்த வருடத்தில் அதைவிட நல்ல வியாபாரம் நடந்த நாள் இல்லை. தாளம் தட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் ஜனம் வந்து மொய்த்தது. பய்யூமி ஊற்றினார், ஊற்றினார். வழக்கமாக யார் முகத்தையும் பார்க்காதவர் அன்று ஒவ்வொருவர் தொண்டையையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டைக் குமிழ் ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. இவ்வளவு சுலபமான காரியம். யாரும் யாருக்கும் சொல்லித்தராத காரியம். ஒரு ரயில்வேக்காரர், "என்னய்யா, என் கழுத்துல விலைச் சீட்டா ஒட்டியிருக்கு?" என்று எரிச்சலோடு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் ஸனிய்யா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். கறுப்புப் போர்வைக்குள் பிள்ளை. பின்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி ஃபத்ஹி அம்மா.

"கண்ணு தொறக்க மாட்டேங்கிறான். நேத்து ராத்திரியிலேர்ந்து துணி நனையல. ஒரு சொட்டு நனையலங்க."

பய்யூமி தாளத்தை மடக்கிக்கொண்டு ஓடிப்போய்க் குதிரை வண்டியில் ஏறினார். சாடியைக் கழற்றத் தோன்றவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் விரலிடுக்கில் தாளம் தானாக ஒலித்தது. வழியெல்லாம் ஆட்கள் கையைக் காட்டி, "இங்க ஒண்ணு!" என்றார்கள். ஒருவன் கொஞ்ச தூரம் வண்டியின் பின்னாலேயே ஓடி வந்தான்.

"ஓடிப் போடா பொறுக்கி!" என்று ஃபத்ஹி அம்மா செருப்பை ஓங்கினாள். "இங்க புள்ள சாகக் கிடக்குது, இவனுக்கு அதிமதுரம் கேக்குது!"

யாரும் சொல்லாமல் இருந்த வார்த்தையை அவள் சொல்லிவிட்டாள்.

அரசு மருத்துவமனையின் பின்கட்டில் வயிற்றுப்போக்குப் பிள்ளைகளுக்கென்று ஒரு நீண்ட அறை. இரண்டு பக்கமும் மரப் பெஞ்சுகள். பத்துப் பன்னிரண்டு தாய்மார்கள் ஒவ்வொருவரும் மடியில் ஒரு பிள்ளை, கையில் ஒரு கப்பு, ஒரு ஸ்பூன் என்று உட்கார்ந்திருந்தார்கள். சுவர்க் கடிகாரம் நாலு இருபதில் நின்றுபோய் எத்தனை நாளாயிற்றோ. அறைக்குப் பொறுப்பு ஃபிக்ரிய்யா என்ற நர்ஸ். குள்ளமான பெண்மணி, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். சாடியோடு உள்ளே நுழைந்தவரைப் பார்த்ததும், "விக்கிறதெல்லாம் வெளிய. இங்க குடிக்கறது இலவசம்" என்றாள்.

"விக்க வரல நர்ஸம்மா. என் புள்ளம்மா இது."

ஃபிக்ரிய்யா பிள்ளையை வாங்கினாள். உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தாள், பள்ளமாக இருந்தது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டாள். மடிப்பு கலையாமல் அப்படியே நின்று, பிறகு அவசரமில்லாமல் படிந்தது. கிள்ளியதற்கு ஷஹாத்தா அழுதான், பூனைக்குட்டி சத்தத்தில்.

"அழறான். கண்ணீர் எங்க?" என்றாள் ஃபிக்ரிய்யா.

டாக்டர் வந்து பார்த்தார். வாய் வழியாக இறங்குகிறதா என்று மாலை நாலு மணி வரை பார்க்கலாம், இறங்காவிட்டால் தலையில் நரம்பு தேடி ஊசி ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனார். ஸனிய்யா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது பிள்ளைக்கும் தலையில்தான் ஊசி போட்டார்கள். ஊசியோடு உள்ளே போனவனை அவள் பிறகு துணி சுற்றித்தான் வாங்கினாள்.

"இதுவரைக்கும் என்ன குடுத்தீங்க?"

"பாக்கெட்டுதான். நாலு நாளா பாக்கெட்டுதான் குடுக்கறேன்" என்றார் பய்யூமி. அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"எதுல கலந்தீங்க?"

"ஒரு முழு டம்ளர்ல. அல்லா மேல ஆணையா முழு டம்ளர்ல."

"எந்த டம்ளர்?"

பய்யூமி இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

ஃபிக்ரிய்யா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டம்ளரைப் பார்த்தாள். தண்ணீர்க் கூஜாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "வீட்ல எப்படி ஊத்துவீங்களோ, அப்படியே ஊத்துங்க."

அவர் ஊற்றினார். கை வழக்கமான இடத்தில் நின்றது. ஃபிக்ரிய்யா அதை வாங்கி, கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் கப்பில் கவிழ்த்தாள். தண்ணீர் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். கோடு அதற்கு மேலே வெகு தூரத்தில் இருந்தது.

அறையில் ஸ்பூன் சத்தம்கூட நின்றுவிட்டது. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் சதுக்கத்தில் அந்த டம்ளரில் குடித்தவர்கள்.

"அடப்பாவி!" என்றாள் ஃபத்ஹி அம்மா. "எட்டு வருஷமா நான் குடிச்சதெல்லாம் அரை டம்ளரா?"

பய்யூமி அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கெட்டு மருந்து இருக்கே, அது நம்ம கண்ணீர் அளவுக்குத்தான் உப்பு கரிக்கணும். நீங்க கொடுத்தது கடல் தண்ணி" என்றாள் ஃபிக்ரிய்யா. திட்டும் குரலில் இல்லை, கணக்கு சொல்லும் குரலில். "குடிக்கக் குடிக்கத் தாகம் கூடும். அதான் கேட்டு அழுதிருக்கான். அதான் வேணாம்னு துப்பியிருக்கான். புள்ளைக்குப் புத்தி இருந்திருக்கு."

பையன் மூன்று நாளாக உதட்டை இறுக்கிக்கொண்டு சொன்னது இதைத்தான். இவர் கன்னத்தை அழுத்தி உள்ளே தள்ளினார். பய்யூமி உட்காரப் பார்த்தார். ஆனால் வயிற்றில் கட்டியிருந்த சாடி உட்கார விடவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

ஃபிக்ரிய்யா புது பாக்கெட்டைப் பிரித்து, கோடு வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். "நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் சும்மா இருங்க, அப்புறம் திரும்பவும் குடுங்க. அவன் வேணாம்பான், நீங்க காதுல விழாத மாதிரி இருங்க. நடு நடுவுல அம்மா பால் குடுக்கணும்."

"என் பால்ல துக்கம் ஏறிடுச்சு நர்ஸம்மா."

"பால் பாலாத்தான் இருக்கும். துக்கமெல்லாம் அதைப் பத்திப் பேசற வாய்லதான்" என்றாள் ஃபிக்ரிய்யா, ஃபத்ஹி அம்மா பக்கம் தலையைத் திருப்பாமலே. ஃபத்ஹி அம்மா தன் செருப்பை வெகு கவனமாகக் காலில் மாட்டிக்கொண்டாள்.

ஸனிய்யா ஸ்பூனை எடுத்தாள். பாதி அவன் கழுத்தில் வழிந்தது. மீதிப் பாதிக்கு உதடு திறக்கவில்லை. மூன்று நாள் உப்புக்குப் பிறகு ஷஹாத்தா உலகத்து ஸ்பூன்கள் எதையும் நம்பத் தயாராக இல்லை. இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது ஸ்பூனும் வெளியேதான். ஜன்னல் வெயில் ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிட்டது.

"என்கிட்ட குடு" என்றார் பய்யூமி.

"திணிக்காதீங்க."

"திணிக்க மாட்டேன்."

சாடியைக் கழற்றி மூலையில் வைத்தார். பெஞ்சில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பையனைப் பார்க்கவே இல்லை. எதிரில் இருந்த சுவரைப் பார்த்தபடி ஸ்பூனில் கொஞ்சம் எடுத்து, பையன் காதுக்குப் பக்கத்தில், உயரத்திலிருந்து, கப்புக்குள்ளேயே திரும்ப ஊற்றினார். சன்னமாக ஒரு சத்தம். மறுபடியும் ஊற்றினார். யாருக்கோ ஊற்றுகிறார், இவனுக்கு இல்லை. மூன்றாவது தரம் ஷஹாத்தாவின் கண் பாதி திறந்தது. நனைந்த ஸ்பூனின் முதுகால் அவன் கீழுதட்டை ஒருமுறை தொட்டு, உடனே எடுத்துவிட்டார்.

நாக்கு வெளியே வந்தது. உதட்டை நக்கிப் பார்த்தது. உப்பா, இல்லையா என்று யோசிப்பது போல அங்கேயே கொஞ்சம் நின்றது.

மறுபடியும் தொட்டு, எடுத்தார். இந்தத் தடவை நாக்கு ஸ்பூனின் பின்னாலேயே வந்தது. அதன் மேல் நாலு சொட்டு விட்டார். தொண்டையைப் பார்த்தார். ஏறியது. இறங்கியது.

"எறங்கிடுச்சு" என்றாள் ஸனிய்யா, மூச்சுவிடாமல்.

"பேசாத. அவன் பக்கம் பாக்காத. நாம குடுக்கறோம்னு தெரிஞ்சா விலை ஏத்திடுவான்."

கடிகாரம் நின்றிருந்ததால் நிமிடத்தைக் கணக்கு வைப்பதற்கு வழியில்லை. தாள லயத்தில் இருபது வருடம் வாழ்ந்தவருக்கு ஒரு நிமிடம் என்பது எத்தனை அடி என்று கைக்குத் தெரியும். அதை மனசுக்குள் ஓட்டி, நிமிடம் முடிந்ததும் இடது கையால் தாளத்தை ஒருமுறை மெல்லத் தொட்டு ஒலித்தார். ஒரு ஒலி, ஒரு ஸ்பூன். கொஞ்ச நேரத்தில் எதிர் பெஞ்சுக்காரியும் அந்த ஒலிக்கே கொடுக்க ஆரம்பித்தாள். பிறகு அவள் பக்கத்திலிருந்தவள். ஃபிக்ரிய்யா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போனாள். அறையில் இருந்த அத்தனை பிள்ளைகளும் பய்யூமியின் தாளத்துக்குக் குடித்தன, அதுவும் ஒரு காசு வரும்படி இல்லாமல்.

பத்தொன்பதாவது ஸ்பூனில் ஷஹாத்தா எல்லாவற்றையும் வாந்தி எடுத்தான்.

ஸனிய்யா முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டாள். பய்யூமி கையில் ஸ்பூனோடு சிலையாகிவிட்டார்.

"பத்து நிமிஷம்" என்றாள் ஃபிக்ரிய்யா, தூரத்திலிருந்தே. "பத்து நிமிஷம்னா பத்து நிமிஷம். ஒப்பாரி வைக்கறதுன்னா அதுக்குள்ள வச்சு முடிச்சுக்கோங்க."

அந்தப் பத்து நிமிடத்தில் ஷஹாத்தாவின் நெஞ்சு ஏறி இறங்குவதை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணுவது கூடாத காரியம், கண்ணேறு படும். நாலு தரம் எண்ணிக்கை தவறி முதலிலிருந்து தொடங்கினார். பிறகு தாளம் ஒருமுறை ஒலித்தது. ஒன்றிலிருந்து மறுபடியும்.

பள்ளிவாசலில் பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்வது கேட்டது. எதிர் பெஞ்சுக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஒரு கப்பு முடிந்து, இரண்டாவதில் பாதி. நடுவே ஸனிய்யா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து மார்பைக் கொடுத்தாள். நாலு நாள் கட்டியிருந்த பால். ஷஹாத்தா இரண்டு இழு இழுத்துவிட்டுக் களைத்துத் தூங்கினான், எழுந்தான், மறுபடியும் இழுத்தான். அவள் அழவில்லை. அழுதால் என்ன ஆகும் என்று அவளுக்கு இன்னும் நிச்சயமில்லை. ஆனால் துணி மட்டும் நனையவில்லை. அவள் நிமிடத்துக்கு ஒருமுறை கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். காய்ந்தே இருந்தது. டாக்டர் சொன்ன நாலு மணி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நின்றுபோன கடிகாரம் சொல்லவில்லை. அதுதான் ஏற்கெனவே நாலைத் தாண்டியிருந்ததே.

"கொஞ்ச நேரம் என்கிட்ட குடுங்க, ரெண்டு பேரும் எழுந்து காலை நீட்டுங்க" என்றாள் ஃபத்ஹி அம்மா. காலையிலிருந்து அவள் ஓட்டைக் குடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஸ்பூனையும் வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பொறுமை குறைவு. தாளம் தொடும் கலையும் தெரியாது. பய்யூமி வைத்துவிட்டுப் போன பித்தளைத் தட்டுகளை எடுத்து ஒன்றோடு ஒன்றை ஓங்கி மோதினாள்.

சதுக்கத்தின் மறுகோடிக்குக் கேட்கும் சத்தம். அறையே துள்ளியது. ஷஹாத்தாவின் கையும் காலும் ஆகாயத்துக்குப் போயின. வாய் சதுரமாகத் திறந்தது. அவன் வீறிட்டான், பூனைக்குட்டியாக இல்லை, அசலான, அதிகாரமான வீறல்.

பய்யூமி ஓடி வந்து, "புத்தி இருக்கா உனக்கு?" என்று கத்த வாயெடுத்தார். எடுத்த வாய் அப்படியே நின்றது.

பையனின் இடது கண்ணோரத்தில் ஒன்று திரண்டு, தயங்கி, கன்னத்தில் வழிந்தது.

"நர்ஸம்மா!" என்றார். "நர்ஸம்மா! அழறான்! தண்ணியோட அழறான்!"

ஃபிக்ரிய்யா வந்து குனிந்தாள். ஸனிய்யா அதற்கு முன்பே அந்தச் சொட்டை விரலில் எடுத்திருந்தாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அதை நாக்கில் வைத்தாள். பிறகு பெஞ்சில் இருந்த கப்பில் விரலைத் தோய்த்து அதையும் வைத்துப் பார்த்தாள்.

"ஒரே உப்புங்க" என்றாள் கணவனிடம். "ரெண்டும் ஒண்ணுதான்." அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

"அல்லாவே! இதென்ன சூடா?" என்று ஃபத்ஹி அம்மா எழுந்தாள். முதல் நாள் போட்டு இன்னும் மாற்றாத அவளுடைய வெள்ளிக்கிழமை நல்லுடுப்பின் மடி நனைந்து, முழங்கால் வழியே தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. அறையில் இருந்த தாய்மார்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். ஃபத்ஹி அம்மா பிள்ளையை எட்டப் பிடித்துக்கொண்டு, "சிரிங்கடி, சிரிங்க" என்றாள். "அப்பன் எட்டு வருஷமா எனக்கு ஊத்தாம வச்சிருந்தத எல்லாம் மகன் ஒரே தடவையில ஊத்திட்டான்."

டாக்டர் நாலு மணிக்கு வந்து வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். மடிப்பு முன்பைவிடச் சுருக்காகப் படிந்தது. ஊசி தேவையில்லை என்றார். ஆனால் அன்று இரவு அங்கேயே இருக்க வேண்டும், கப்பு நிற்கக் கூடாது என்றார். மறுநாள் சாயங்காலம்தான் வீட்டுக்கு விட்டார்கள். ஃபிக்ரிய்யா ஆறு பாக்கெட்டும் கோடு போட்ட ஒரு கப்பும் கொடுத்தாள். கப்பைக் கொடுக்கும்போது பய்யூமியின் கண்ணைப் பார்த்து, கோட்டை நகத்தால் இரண்டு தரம் தட்டினாள்.

அந்த வாரம் முழுக்கச் சதுக்கத்தில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஃபத்ஹி அம்மாவுக்குத் தெரிந்த செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குத் தெரிந்ததற்குச் சமம். குடிக்க வந்தவர்கள் டம்ளரை வெயிலுக்கு நேரே தூக்கி அடியைப் பார்த்தார்கள். அந்த ரயில்வேக்காரர், "முழு டம்ளரா, ஷஹாத்தா அப்பா டம்ளரா?" என்று கேட்டார். பய்யூமி விளிம்பு வரை ஊற்றினார். டம்ளர்களை மாற்றவில்லை. மனிதன் கையைத் திருத்திக்கொள்ளலாம், ஏழு டம்ளரை ஒரே நாளில் தூக்கிப்போட முடியுமா? நுரைக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று. அது பக்கவாட்டில் வழிந்து அவர் வெள்ளைக் கால்சட்டையைக் கறுப்பாக்கியது.

இடுப்பு வாரில் எட்டாவதாக அந்த பிளாஸ்டிக் கப்பு தொங்கியது. அதில் அவர் யாருக்கும் ஊற்றியதில்லை. இடுப்பில் பிள்ளையோடு எந்தப் பெண் வந்தாலும் அதைக் கழற்றி, கோட்டை நகத்தால் தட்டிக் காட்டுவார். அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

செப்டம்பரில் வெயில் தணிந்தபோது யாரோ கேட்டார்கள், "பையன் எப்படி இருக்கான்?"

"அசிங்கமா இருக்கான்" என்றார் பய்யூமி. "கண்ட இடத்துல நனைச்சு வைக்கிறான், அல்லாவுக்கே புகழ்."